பழைய காருக்கு ரீல் பெல்ட் போட்டிருக்கிறீர்களா? ரீலைக் கழற்றி ஒருமுறை ஆட்டிப் பாருங்கள்

பழைய கார் வேலை மட்டுமே செய்வதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு பட்டறையில் என் இரண்டு கதவு வண்டிக்கு முன் சீட் பெல்ட்டுகளை மாற்றினேன். பார்வைக்கு அருமையான வேலை. நாடாவின் நிறம் சீட் ரெக்சினோடு ஒத்துப்போனது, சீட்டின் தோளில் நாடா நுழைந்து வர பளபளவென்று ஒரு குரோம் கைடு, வெளியே ஒரு ஸ்க்ரூ கூடத் தெரியவில்லை. உள்ளே செய்து வைத்திருந்தது வேறு. பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை. பணம் திரும்பக் கேட்டு இன்னும் பேச்சு நடக்கிறது. அதோடு, இதே குறுக்குவழியை வேறு வண்டிகளிலும் பார்த்திருப்பதாகப் பிறகு வேலை செய்த மெக்கானிக் சொன்னார். ஆகவே பெயரை விட, என்ன செய்தார்கள் என்பதுதான் உங்களுக்கு உபயோகப்படும்.

வண்டியோடு வந்தது ரீல் இல்லாத பெல்ட், அதாவது நாடாவைத் தானாகச் சுருட்டிக்கொள்ளும் உருளை இல்லாதது. தோளுக்கும் இடுப்புக்கும் சேர்த்து மூன்று இடத்தில் பிடிக்கும் மூன்று புள்ளி பெல்ட்தான், 1959இல் வோல்வோவுக்காக நில்ஸ் போலின் கொண்டுவந்த அதே அமைப்பு. ஆனால் நீளத்தைக் கையால் இறுக்க வேண்டும். ஒழுங்காக இறுக்கினால் டாஷ்போர்டு சுவிட்சுக்குக் கை எட்டாது. எட்டுகிற அளவுக்குத் தளர்த்திவிட்டால் பெல்ட் போட்டும் பிரயோசனமில்லை. நாடாவும் வெயிலில் வெளுத்து விறைத்திருந்தது. பாலியெஸ்டரோ நைலானோ, வருடக்கணக்கில் வெயில் பட்ட நாடாவின் பலம் குறைந்துவிடும். மாற்ற நினைத்ததில் தப்பில்லை, இப்போதும் அதே கருத்துதான்.

நடந்தது புரிய வேண்டுமானால் ரீலுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். அதில் பூட்டும் ஏற்பாடு இரண்டு. ஒன்று, நாடாவை வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்வது. இன்னொன்று, வண்டியின் வேகம் சட்டென்று குறையும்போதோ வண்டி சாயும்போதோ பூட்டிக்கொள்வது. இரண்டாவதற்கு, பெரும்பாலான ரீல்களில், ஒரு சின்னக் கிண்ணத்தில் ஓர் இரும்புக் குண்டு உட்கார்ந்திருக்கும். குண்டு உருண்டால் அதன் மேலிருக்கும் நெம்புகோல் எழும்பிப் பல்சக்கரத்தைப் பிடிக்கும். பெல்ட்டுகளுக்கான ஐ.நா. விதி ஆர்16 இதற்கு அளவே கொடுத்திருக்கிறது. சாதாரண வகை ரீல், வண்டியின் வேகக் குறைவு 0.45 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு) ஆகும்போது பூட்ட வேண்டும். பொருத்தும் நிலையிலிருந்து 12 டிகிரி வரை சாய்த்தால் பூட்டக்கூடாது, 27 டிகிரிக்கு மேல் சாய்த்தால் பூட்டியே ஆக வேண்டும்.

அதாவது ரீலை நினைத்த கோணத்தில் எல்லாம் மாட்ட முடியாது. நேராக நிற்பதற்குச் செய்த ரீலைச் சாய்ந்த தகட்டில் முடுக்கினால் குண்டு எப்போதும் ஒரு பக்கம் உருண்டே கிடக்கும், நாடா வெளியே வராது. இதற்காகவே வெவ்வேறு கோணங்களுக்கு ரீல்கள் விற்கிறார்கள், கோணத்தைத் திருத்திக்கொள்ளும் ரீல்களும் உண்டு.

என் வண்டியில் ரீல் வைக்கத் தோதான இடம் என்று பட்டறைக்காரர் காட்டியது பின் சக்கர வளைவின் மேல் பக்கம். நன்றாகச் சாய்ந்த இடம். வண்டியை எடுக்கப் போனபோது, “சார், நீங்களே இழுத்துப் பாருங்க” என்றார். மெல்ல இழுத்தேன், வந்தது. வெடுக்கென்று இழுத்தேன், டக்கென்று நின்றது. “அவ்வளவுதான் சார், புது கார்ல இருக்கிற மாதிரியே.” எல்லோரும் செய்கிற சோதனை அது. அதில் தெரிவது முதல் ஏற்பாடு மட்டும்தான்.

கொஞ்ச நாள் கழித்து, முன்னால் போன வண்டி திடீரென்று நின்றதால் பிரேக்கை அழுத்தி மிதித்தேன். மோதவில்லை. ஆனால் பக்கத்தில் இருந்த என் மனைவி டாஷ்போர்டில் கையை ஊன்றித்தான் நின்றாள். “என்னங்க, பெல்ட் கூடவே வருது?” என்றாள். எனக்கும் நாடா தோளோடு சேர்ந்து முன்னால் வந்திருந்தது. பிரேக் பிடிக்கும்போது உடம்பு முன்னே போவது, கையால் வெடுக்கென்று இழுப்பதைவிட மெதுவானது. அந்த நேரத்தில் வேலை செய்ய வேண்டியது குண்டு.

வேறொரு மெக்கானிக்கிடம் காட்டினேன். பக்கவாட்டு அட்டையைக் கழற்றியதுமே ரீலின் வெள்ளைப் பிளாஸ்டிக் மூடி ஓரத்தில் ஸ்க்ரூடிரைவர் நுனி கடித்த தழும்புகள் தெரிந்தன. ரீலைக் கழற்றிக் காதருகே வைத்து ஆட்டினார். சத்தமே இல்லை. மூடியைத் திறந்தால் கிண்ணம் காலி. குண்டு இல்லை. போதாக்குறைக்கு, நெம்புகோல் தானாக எழும்பிவிடக்கூடாதென்று ஒரு பொட்டு பசை வைத்து ஒட்டியிருந்தார்கள். சாய்ந்த இடத்தில் ரீல் பூட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. சரியான ரீல் வாங்குவதற்குப் பதில் பூட்டுகிற பாகத்தையே பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். இரண்டு பக்கமும் அதே கதை.

நியாயமாகச் சொல்ல வேண்டும். குண்டு இல்லாவிட்டால் பெல்ட் பூட்டவே பூட்டாது என்றில்லை. பலமாக மோதினால் உடம்பு இழுக்கிற வேகத்தில் முதல் ஏற்பாடு பிடிக்கும். ஆனால் அதற்குள் எவ்வளவு நாடா வெளியே வந்திருக்கும் என்பதுதான் கேள்வி. பழைய காரில் நெஞ்சுக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவே இடமே கொஞ்சம், ஏர்பேக்கும் கிடையாது. வண்டி மெதுவாகக் கவிழ்ந்தால் முதல் ஏற்பாட்டை நம்பவே முடியாது.

ரீலைப் பிடித்திருந்த போல்ட் அடுத்தது. பெல்ட் மாட்டுகிற போல்ட்டுக்கு உலகம் முழுக்கப் பரவலாக இருக்கும் அளவு 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. கம்பெனியே கொடுத்த மாட்டு இடத்தில் அந்த மரையுள்ள நட், தடித்த தகட்டோடு உள்ளே வெல்டு செய்யப்பட்டிருக்கும். இழுவை அந்தத் தகட்டின் வழியாக அகலமாகப் பரவ வேண்டும் என்பதற்காக. என் வண்டியில் சக்கர வளைவின் மெல்லிய தகட்டில் நேராக ஓட்டை போட்டு, பின்னால் சாதாரண வாஷர் ஒன்றை வைத்து நட்டை முடுக்கியிருந்தார்கள். வாஷரைச் சுற்றித் தகடு இப்போதே குழிந்திருந்தது. ஓட்டையின் விளிம்பில் பெயின்ட் கூட அடிக்கவில்லை, வெறும் தகடு. துரு பிடிப்பதற்கு மழைக்காலம் வரை கூடக் காத்திருக்காது. மோதலில் தோள் நாடாவின் இழுவையில் பெரும் பங்கு ரீலுக்கும் வரும். அந்த வாஷர் தகட்டைக் கிழித்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிடும் என்று சொல்ல இன்ஜினியர் தேவையில்லை.

கைடு விஷயம் கொஞ்சம் நீளம். இரண்டு கதவு வண்டியில் கதவு அகலம், அதற்குப் பின்னால் கூரையைத் தாங்கும் தூண் தோளுக்கு வெகு பின்னால் இருக்கும். நாடா பின்னாலேயே கிடப்பதால் எடுக்க உடம்பைத் திருப்ப வேண்டும், தோளிலிருந்து நழுவவும் செய்யும். அதனால் சீட்டின் தோளில் ஒரு கைடு வைப்பது நல்ல யோசனைதான். ஆனால் அந்தக் கைடு நாடாவுக்கு வழி காட்ட மட்டும்தான், பாரம் தாங்க அல்ல. பாரம் தாங்குவது தூணில் போல்ட் போட்ட வளையம். எனக்கு மாட்டியது நான்கு பக்கமும் மூடிய குரோம் கைடு. சீட் முதுகின் மெல்லிய சட்டத்தில் ஸ்க்ரூ போட்டிருந்தார்கள். பின் சீட்டுக்கு ஆள் ஏற வேண்டுமானால் சீட் முதுகை மடக்க வேண்டும், மடக்கும்போதெல்லாம் நாடா குறுக்கே வந்து காலைத் தட்டும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். என் சீட் முதுகுக்குப் பூட்டு கிடையாது, அந்தக் காலத்து வண்டி. மோதலில் நாடா விறைக்கும்போது அந்த இழுவையில் ஒரு பங்கு மூடிய கைடு வழியாகச் சீட் முதுகுக்குப் போகும். ஒன்று கைடு பிய்ந்து வரும், இல்லையென்றால் சீட் முதுகு ஆளோடு சேர்ந்து முன்னால் வரும்.

கைடின் உள் விளிம்பில் விரலை ஓட்டினால் முலாமுக்கு அடியில் பிசிர் தட்டுப்பட்டது. நாடாவின் ஒரு ஓரம் மட்டும், கைடு உரசுகிற அந்தச் சாண் நீளத்துக்கு, பஞ்சு பஞ்சாகக் கிளம்பியிருந்தது. புது நாடா! ஓரத்து இழை அறுந்த நாடாவை நம்ப முடியாது.

“புது” என்றேன். அதிலும் சந்தேகம் வந்தது. இடது பெல்ட்டில் அங்கீகாரச் சீட்டு இல்லை, வெட்டி எடுத்த தையலின் நூல் நுனி மட்டும் இருந்தது. ஆர்16 அங்கீகாரம் பெற்ற பெல்ட்டில் வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்தும் ஒரு நாட்டு எண்ணும் இருக்கும், பக்கத்தில் பெல்ட் வகைக் குறியும் இருக்கும். மூன்று புள்ளி ரீல் பெல்ட்டுக்கு ஏ, ஆர், 4, எம் என்று வரும். இது எதுவும் இல்லை. தூண் வளையத்தின் பிளாஸ்டிக்கில் நாடா ஓடுகிற இடத்தில் கோடு கோடாக உருகிய மினுமினுப்பு. விபத்தில் பாரம் ஏறும்போது நாடா உரசிய சூட்டில் இப்படி ஆகும் என்றார் மெக்கானிக். ஒருமுறை விபத்தைத் தாங்கிய பெல்ட்டை மறுபடி மாட்டக்கூடாது. எனக்குப் புதுப் பெல்ட்டின் விலைக்கே பில் போட்டிருந்தார்கள்.

பட்டறைக்காரரிடம் போட்டோக்களைக் காட்டினேன். “பழைய வண்டிக்கு இவ்வளவுதான் சார் பண்ண முடியும். குண்டை எடுக்கலைன்னா பெல்ட் உங்களுக்கு வரவே வராது” என்றார். ஒளிக்கவே இல்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம். அவர் கணக்கில் அது ஏமாற்று வேலை இல்லை, தொழில் சாமர்த்தியம்.

பழைய வண்டிக்கு எவ்வளவு செய்ய முடியும் என்பதை இரண்டாவது மெக்கானிக் செய்து காட்டினார். பெட்ரோல் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று முதலில் பார்த்துவிட்டு, சக்கர வளைவில் போட்டிருந்த ஓட்டையை வெல்டு வைத்து அடைத்தார். ரீலைத் தூணின் அடிப்பக்கத்துக்கு மாற்றினார். அங்கே துருவைச் சுரண்டி நல்ல இரும்பு வரும்வரை போய், நட் பிடித்த தடித்த தகட்டை வெல்டு செய்து, துரு தடுக்கும் பெயின்ட் அடித்த பிறகுதான் அட்டையை மூடினார். ரீல் அங்கீகாரச் சீட்டோடு வந்தது, நேராக நிற்கும் வகை, நேராகவே நிற்கிறது. சீட்டில் குரோம் போய், ஒரு பக்கம் திறந்த பிளாஸ்டிக் கைடு வந்திருக்கிறது. அழகு குறைச்சல்தான். இழுத்தால் நாடா அதிலிருந்து கழன்று வந்துவிடும், அப்படித்தான் இருக்க வேண்டும்.

உங்கள் வண்டியில் பார்க்க வேண்டுமென்றால், மூடிகளைத் திறக்காதீர்கள். ஒரு பக்கத்தில் சுருள்வில் இருக்கிறது, தெறித்தால் கையைக் கிழிக்கும். ரீலை மட்டும் போல்ட்டோடு கழற்றி, அது வண்டியில் இருந்த அதே நிலையில் பிடித்து, நாடாவை மெல்ல இழுத்துக்கொண்டே சாய்த்துப் பாருங்கள். ஓரளவுக்கு மேல் எந்தப் பக்கம் சாய்த்தாலும் பூட்ட வேண்டும். ஆட்டினால் பெரும்பாலும் உள்ளே கடகடவென்று குண்டின் சத்தம் கேட்கும். அப்புறம் போல்ட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இனிமேல்தான் வேலை கொடுக்கப்போகிறீர்கள் என்றால், அட்டையை மூடும் முன் கூப்பிடச் சொல்லுங்கள், நேரில் போய்ப் பாருங்கள். பில்லில் ரீலின் மாடல் எண்ணை எழுதி வாங்குங்கள். என் பில்லில் “சீட் பெல்ட் வேலை” என்று ஒற்றை வரிதான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு வாதாடுவது எவ்வளவு கஷ்டம் என்று இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இதுவரை கைடுக்கான பணம் மட்டும் திரும்பி வந்திருக்கிறது. ரீலையும் கொண்டுவந்து கொடுத்தால் மீதியைப் பற்றிப் பேசலாம் என்கிறார். கொடுப்பதாக இல்லை. இரண்டு ரீல், குழிந்த தகட்டில் இருந்த வாஷர், சீட்டு வெட்டிய நாடா எல்லாம் என்னிடமே இருக்கின்றன. புகார் கொடுக்கப் போகிறவர்கள் கழற்றிய சாமான்களைப் பட்டறையில் விட்டுவிட்டு வராதீர்கள்.