டொமைன் மாறுது, மெயில் சர்வரை என்ன செய்வது?

தேயிலைக் கம்பனி கைமாறினால் முதலில் மாறுவது தொழிற்சாலை வாசல் பெயர்ப்பலகை. அடுத்த வாரமே கொழும்பிலிருந்து போன் வரும்: "மெயிலையும் புது டொமைனுக்கு மாத்திடுங்க." ஹட்டன், தலவாக்கலை பக்கம் இந்த வேலையைப் பார்க்கும் நான் உடனே திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த டொமைன்? @ குறிக்குப் பின்னால் வரும் பெயரா, காலையில் கம்பியூட்டரைத் திறந்து லொகின் செய்கிற விண்டோஸ் டொமைனா? இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருப்பதால்தான் பாதிக் குழப்பம்.

முகவரி மட்டும் மாறினால் போதும் என்றால் சர்வரைத் தொடவே வேண்டாம். மைக்ரோசொப்டின் மெயில் சர்வரான எக்ஸ்சேஞ்சில் புதுப் பெயரை 'அக்செப்டட் டொமைன்' (மெயில் ஏற்கும் பெயர்) ஆகச் சேர்த்து, முகவரிக் கொள்கையில் அதை முதல் முகவரியாக்கி, பழையதை இரண்டாவதாக விட்டுவிட்டால் இரண்டுக்கும் வரும் மெயில் ஒரே பெட்டியில் விழும். இணையத்தின் பெயர்ப் பட்டியலான டிஎன்எஸ்ஸில் புதுப் பெயருக்கு எம்எக்ஸ் (மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்பது), எஸ்பிஎஃப், டிகிம் (மெயில் போலி அல்ல என்று காட்டுபவை) பதிவுகள் போட வேண்டும். அரை நாள் வேலை. உள்ளே விண்டோஸ் டொமைன் '.லோக்கல்' என்று முடிகிறது, அதற்கு 2015 நவம்பரிலிருந்து எந்தப் பொதுச் சான்றிதழ் நிறுவனமும் (சர்வர் அசல்தான் என்று காட்டும்) சான்றிதழ் தருவதில்லை, அதனால் மாற்றியே ஆகவேண்டும் என்று சிலர் சொல்வார்கள். தேவையில்லை. சர்வரின் இணைய முகவரிகளை வெளிப் பெயருக்கு மாற்றி, அதே பெயரை ஒபிஸுக்குள் இருக்கும் டிஎன்எஸ்ஸிலும் எழுதிவிட்டால் சான்றிதழ் பிரச்சினை தீர்ந்தது.

ஒரு வில்லங்கம் உண்டு. விற்றவர் பழைய டொமைன் பெயரைத் தன்னிடமே வைத்துக்கொண்டால் இந்த வழி அடைபடும். பழைய முகவரிக்கு வருவதைக் குறைந்தது ஆறு மாதம் திருப்பிவிட வேண்டும் என்று விற்பனை ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். வக்கீல்களுக்கு இது தானாகத் தோன்றாது.

சரி, விண்டோஸ் டொமைனே மாற வேண்டும் என்றால்? முதலில் எல்லோர் கண்ணிலும் படுவது 'ரென்டம்' என்ற பெயர் மாற்றும் கருவி. எக்ஸ்சேஞ்ச் 2003 வரை ஒரு வழி இருந்தது. 2007 முதல் எக்ஸ்சேஞ்ச் இருக்கும் டொமைனுக்குப் பெயர் மாற்ற மைக்ரோசொப்ட் இடம் தருவதில்லை. சர்வரைப் பழைய டொமைனிலிருந்து கழற்றிப் புதியதில் சேர்ப்பதும் நடக்காது. அதன் அமைப்புகள் எல்லாம் விண்டோஸ் டொமைனின் பதிவேடான ஆக்டிவ் டைரக்டரிக்குள்தான் வேர் விட்டிருக்கின்றன. இதற்கு மேல் இந்த வழியைப் பேசுவது வீண்.

புது டொமைன் அதே ஃபொரஸ்டுக்குள் (ஒரே ஆக்டிவ் டைரக்டரியைப் பகிரும் டொமைன்களின் கூட்டம்) ஒரு கிளையாக வருகிறதென்றால் அதிர்ஷ்டம். ஒரு ஃபொரஸ்டுக்கு ஒரே எக்ஸ்சேஞ்ச் அமைப்புத்தான். புது டொமைனில் 'பிரிபெயர் டொமைன்' என்ற ஆயத்தக் கட்டளையை ஓட்டிவிட்டால் சர்வர் இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு அங்குள்ளவர்களின் மெயிலையும் பார்த்துக்கொள்ளும்.

தனி ஃபொரஸ்ட் என்றால்தான் உண்மையான குடிபெயர்வு. இங்கே போட்டி இரண்டு வழிக்கு. ஒன்று, ஒவ்வொரு பெட்டியையும் பிஎஸ்டி என்ற அவுட்லுக் மெயில் கோப்பாக இறக்கிப் புது சர்வரில் ஏற்றுவது. மற்றது, பக்கத்திலேயே புது எக்ஸ்சேஞ்சை நிறுத்தி, இரண்டு ஃபொரஸ்டுக்கும் (ஒன்றின் லொகினை மற்றது ஏற்கும்) நம்பிக்கை உறவு போட்டு, பெட்டிகளை அப்படியே நகர்த்துவது.

பத்துப் பேர் இருக்கும் ஒபிஸுக்கு பிஎஸ்டி போதும், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அடுத்தவர் கலண்டரைப் பார்க்கும் அனுமதிகள், சர்வரில் போட்ட ரூல்கள் எதுவும் கோப்போடு வராது. இறக்கிய பிறகு பழைய பெட்டியில் விழும் மெயிலைத் தேடி இரண்டாம் சுற்று வேறு.

அறுபது பேர் என்றால் நகர்த்துவதுதான் நல்லது. இதில் எனக்குப் பிடித்தது, 95 வீதம் வரை கொப்பி செய்துவிட்டு நிற்கச் சொல்லலாம். ஆட்கள் வேலை செய்துகொண்டே இருப்பார்கள். மிச்ச 5 வீதத்தை ஒரு ராத்திரியில் முடிக்கலாம். இடி இடித்து கரன்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். மழைக்காலத்தில் மலையில் வேலை பார்ப்பவனுக்கு இது பெரிய விஷயம். கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு மாற்றத்தையும் எழுதிவைக்கும் லொக் கோப்புகள்: 250 ஜிபி நகர்ந்தால் கிட்டத்தட்ட அதே அளவு லொக், ஒவ்வொன்றும் 1 எம்பியாக, புது சர்வரின் டிஸ்கில் குவியும். இடையிடையே பக்கப் எடுத்து அவற்றைக் கழிக்காவிட்டால் டிஸ்க் நிறைந்து எல்லாம் நின்றுவிடும்.

நான் அடிபட்டது வேறு இடத்தில். நகர்த்தி முடித்த திங்கட்கிழமை காலை ஒரு தோட்டத்துப் பெரிய கிளாக்கர் பேசினார். "தம்பி, துரைக்கு அனுப்புற மெயிலெல்லாம் திரும்பி வருதுப்பா. ஒரே இங்கிலீஷ் எழுத்தா, முழ நீளத்துக்கு இருக்கு." துரை என்றால் தோட்ட மேனேஜர். பேரைத் தட்டினால் மெயில் புரோகிராமான அவுட்லுக் தானாகக் காட்டும் பழைய பதிவைத்தான் அவர் தேர்ந்தெடுத்திருக்கிறார். ஒரே கம்பனிக்குள் அந்தப் பதிவில் இருப்பது @ முகவரி அல்ல. எக்ஸ்சேஞ்சின் உள் அடையாளம். பழைய அடையாளத்தை ஒவ்வொரு புதுப் பெட்டியிலும் 'எக்ஸ்500' முகவரியாகச் சேர்த்தாக வேண்டும். கையால் பெட்டி திறந்த சிலருக்கு நான் அதைச் சேர்க்க மறந்திருந்தேன். "ஐயா, கீழ வர்ற பேர அழிச்சிட்டு லிஸ்ட்ல இருந்து எடுங்க" என்று அன்று எத்தனை பேருக்குச் சொன்னேன் என்று கணக்கில்லை. பிஎஸ்டி வழியில் போனாலும் இந்த வேலை தப்பாது.

சொந்த சர்வரே வேண்டாம், மைக்ரோசொப்ட் 365 என்ற கிளவுட் சேவைக்கே போய்விடலாமே என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 இரண்டுக்கும் ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. புதிதாக நிறுத்தினால் சந்தாப் பதிப்புத்தான். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு வந்தபோது ஒபிஸில் இருந்த சர்வர்கள் என்ன பாடுபட்டன என்பதை அனுபவித்தவர்கள் மறக்கமாட்டார்கள். மறுபக்கம், அதே வருடம் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியது. ஆள் கணக்கில் மாதாமாதம் டொலரில் வரும் பில்லை அப்போது கட்டியவர்களும் மறக்கமாட்டார்கள். லைன் கணக்கையும் போட்டுப் பாருங்கள்: மேலேற்றும் வேகம் 10 எம்பிபிஎஸ் உள்ள இடத்திலிருந்து 250 ஜிபி போய்ச்சேர, லைன் ஒரு நிமிடம்கூட அறுபடாவிட்டாலும் 55 மணி நேரம் பிடிக்கும். பகலில் ஒபிஸ் வேலைக்கும் அதே லைன்தான். ஆக இரண்டு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கேட்டால்: பெயர் மட்டும் மாறினால் முதல் வழி. ஃபொரஸ்ட் மாறுகிறது, முப்பது பேருக்குள் என்றால் கிளவுட். அதற்கு மேல், டொலர் பில்லுக்குத் தலைமை ஒபிஸ் தயங்கினால், புது எக்ஸ்சேஞ்ச் நிறுத்தி நகர்த்தல். கிளவுட் போகும்போது சர்வரோடு கொழும்புக்குப் போய் நல்ல லைனில் ஏற்றிவிட்டு வருவதும் நடக்கிற காரியம்தான், சிரிக்காதீர்கள்.

எம்எக்ஸ் மாற்றும் நாளையும் பார்த்து வையுங்கள். கொழும்புத் தேயிலை ஏலம் செவ்வாய், புதனில் நடக்கும்; அந்த நேரம் புரோக்கரின் மெயில் தவறினால் துரையின் முகத்தைப் பார்க்க முடியாது. புதன் மாலையே டிடிஎல்லை (மற்றவர்கள் பழைய பதிவை நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 செக்கனுக்கு இறக்கி, வெள்ளி இரவு மாற்றுங்கள். நிலையான ஐபிக்குப் பின்னோக்கிய டிஎன்எஸ் பதிவை (ஐபியிலிருந்து பெயரைக் காட்டுவது) லைன் தந்த கம்பனிதான் மாற்ற வேண்டும். அதற்கு ஒரு வாரம் முன்பே எழுதிப் போடுங்கள். பழைய சர்வரை மட்டும் உடனே அணைத்துவிடாதீர்கள். லீவில் ஊருக்குப் போன யாராவது மூன்று வாரம் கழித்து வந்து லப்டொப்பைத் திறப்பார். அவருடைய அவுட்லுக் அதைத்தான் தேடும்.