இரைப்பைப் புற்றுநோய் அறுவைப் பிரிவு: அப்பாவோடு போய்வந்த அனுபவம்

அப்பாவுக்கு இரைப்பையில் புற்று என்று தெரிந்ததும் வீட்டில் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "ஆபரேஷன் எப்போ?" இந்தப் பிரிவில் உடனே தேதி தரவில்லை. இவர்களிடம் எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான்.

முதலில் எண்டோஸ்கோபி. புண்ணிலிருந்து ஒரு துணுக்கோடு நிறுத்தாமல் ஏழெட்டு இடங்களில் சதை எடுத்தார்கள். ஒரு துணுக்கில் புற்று சிக்காமல் போகலாம். அப்புறம் சிடி ஸ்கேன். பரவல் எதுவும் தெரியவில்லை. சரி, இனி அறுவைதான் என்று நினைத்தோம். ஆனால் வயிற்றில் சிறு துளையிட்டு, லேப்ராஸ்கோப்பியில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்றார் டாக்டர். வயிற்றின் உள்சவ்வில் மணல்போல ஒட்டியிருக்கும் புற்று சிடியில் தப்பிவிடுமாம். அப்படி இருந்தால் இரைப்பையை எடுப்பது பெரும்பாலும் நோயாளிக்கு வலியைத்தான் கூட்டும் என்று பொறுமையாக விளக்கினார். உள்ளே உப்புநீர் விட்டுக் கழுவி, அந்த நீரையும் சோதனைக்கு அனுப்பினார்கள். நல்லவேளை, எதிலும் ஒன்றும் இல்லை.

பிறகு கீமோ, அறுவைக்கு முன் நான்கு சுற்று, பின் நான்கு. எஃப்எல்ஓடி என்ற கூட்டு மருந்து. 2019-இல் வெளியான ஜெர்மானிய ஆய்வுக்குப் பிறகு, உடல் தாங்குகிறவர்களுக்கு இது பரவலாகிவிட்டது. அப்பா வாடிப்போனார், ஆனால் தாங்கினார்.

அறுவைக்கு முன்னால் சர்ஜன் ஒரு தாளில் இரைப்பையை வரைந்து, ரத்தக்குழாய்களை ஒட்டியிருக்கும், புற்று பரவக்கூடிய நிணநீர்க் கணுக்களைப் புள்ளி புள்ளியாக வைத்துக் காட்டினார். கட்டியோடு இவற்றையும் எடுக்க வேண்டும், அதற்கு டி2 என்று பெயர் என்றார். குறைந்தது 16 கணுக்களாவது சோதனைக்குப் போனால்தான் நோயின் நிலையை நம்பிச் சொல்ல முடியுமாம். அப்பாவின் அறிக்கையில் 31 என்று இருந்தது. அந்த எண்ணைப் பார்த்தபோதுதான் கைதேர்ந்தவரிடம் வந்திருக்கிறோம் என்று மனசு சமாதானமானது.

குறையும் உண்டு. புற்று செல்களில் டிஎன்ஏ பிழைகளைத் திருத்தும் திறன் கெட்டிருக்கிறதா என்று பார்க்கும் எம்எஸ்ஐ சோதனை முடிவு வர ரொம்பத் தாமதம். அதைப் பொறுத்து எந்த மருந்து என்பதே மாறக்கூடும், ஆனால் அறிக்கைக்காக நாங்கள்தான் கவுண்டர் கவுண்டராக அலைந்தோம். அதைவிட வருத்தம், சாப்பாட்டைப் பற்றி டிஸ்சார்ஜ் அன்று அவசர அவசரமாகச் சொன்னது. முழு இரைப்பையும் எடுத்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை சாப்பிட வேண்டும், இனிப்பான பானம் கூடாது. இது மனதில் பதியாமல் அப்பா பழையபடி வயிறு நிறையச் சாப்பிட்டு, சற்று நேரத்தில் வியர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடத்துச் சுருண்டு படுத்துவிட்டார். நாங்கள் பதறிப்போனோம். முன்னமே ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசியிருந்தால் இது நடந்திருக்காது.

5-க்கு 4 தருவேன். அங்கே போகிறவர்கள் அறுவைக்கு முன்பே உணவு ஆலோசகரைக் கேட்டுப் பாருங்கள். இரைப்பை முழுவதும் போய்விட்டால் வைட்டமின் பி12 ஊசி ஆயுள் முழுக்கத் தேவைப்படும். முதல் ஊசி எப்போது என்பதையும் கையோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.