பிடுங்கிய அன்றே திருகா, பொறுத்திருந்தா?

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் அம்மாவுக்கு இரண்டு எலுமிச்சம்பழம் முகர்ந்து தீர்ந்துவிடும். வயது 72. கீழ்க் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கி இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் திருகு பதித்து அதன்மேல் பொருத்தும் செயற்கைப் பல்) வைக்கலாம் என்று கோவையில் சொன்னதும் அவர் கேட்டது ஒன்றுதான்: "எத்தனை முறை மலை இறங்க வேண்டும்?"

வழிகள் மூன்று. பிடுங்கிய குழியிலேயே அன்றே டைட்டானியம் திருகைப் பதிப்பது. ஈறு மூடியபின் 4 முதல் 8 வாரத்தில் பதிப்பது. குழியில் எலும்பு வளர மூன்று, நான்கு மாதமோ அதற்கு மேலோ பொறுப்பது.

முதல் வழிதான் எங்களை மயக்கியது. ஆனால் அன்று வாய்க்குள் போவது திருகு மட்டுமே. எலும்பு அதை இறுகப் பற்றப் பெரும்பாலும் இரண்டு, மூன்று மாதம் ஆகும்; மெல்லுவதற்கான உறை, அதாவது திருகின் மேல் வரும் பல் பகுதி, அதன் பிறகே. மிச்சமாவது ஓர் அறுவையும் ஒன்றிரண்டு பயணமும். எலும்புச் சுவர் உடையாத முன்பல்லுக்கு இது நல்ல வழி. கீழ்க் கடைவாய்ப்பல்லுக்கோ வழக்கமாக இரண்டு வேர். திருகு பிடித்து நிற்க நடுவிலுள்ள எலும்புத் தடுப்பையே பெரிதும் நம்ப வேண்டும். அம்மாவுக்கு வேரடியில் சீழ் வேறு. வேண்டாம் என்று விட்டோம்.

இரண்டாவது வழியில் ஈறு ஆறியிருக்கும், எலும்பு அவ்வளவாக நிரம்பியிராது. இதுவும் முன்பற்களுக்கே அதிகம் பொருந்தும்.

அதற்காக ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடவும் கூடாது. பல் போன இடத்தில் தாடை மேட்டின் அகலம் முதல் ஓராண்டில் ஏறக்குறைய பாதியாகக் குறையலாம். அதில் பெரும்பங்கு முதல் மூன்று மாதத்திலேயே போய்விடும். மிகவும் ஒடுங்கிவிட்டால் எலும்புத் தூள் வைத்துக் கட்ட வேண்டும், அதற்குத் தனிச் செலவு. எனக்குச் சரியாகப் பட்டது மூன்று மாதக் கணக்கு.

வயது மட்டும் எதற்கும் தடையில்லை. கட்டுப்படாத சர்க்கரையும் சில மாத்திரைகளும் தடையாகலாம். எலும்புத் தேய்வுக்காக ஞாயிறுதோறும் அம்மா விழுங்கும் அலெண்ட்ரோனேட் மாத்திரை பிஸ்கட் டப்பாவில் கிடந்தது. "அது முதுகெலும்புக்குத்தானே, பல்லுக்கு என்ன?" என்று மருத்துவரிடம் சொல்லாமலே வந்துவிட்டார். அபூர்வமாக, பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போக அந்த வகை மருந்து காரணமாகலாம். எத்தனை ஆண்டாக எடுக்கிறார் என்பதைப் பிடுங்கும் முன்பே சொல்லியாக வேண்டும். நாமாக மாத்திரையை நிறுத்தவும் கூடாது. ரத்தத்தை இளக்கும் மாத்திரைக்கும் இதே கதைதான்.

மலையில் இருப்பவர்களுக்கு மழைக் கணக்கும் உண்டு. கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் எப்போது மண் சரியும் என்று சொல்ல முடியாது. ஆகஸ்டில் பிடுங்கியிருந்தால் திருகு நாள் நவம்பரில் விழுந்திருக்கும். செப்டம்பர் இறுதியில் பிடுங்கினோம். தையலை உள்ளூரிலேயே பிரித்தாயிற்று. திருகு ஜனவரியில், உறை ஏப்ரலில். மே மாதச் சுற்றுலா நெரிசலில் காருக்குள் உட்கார்ந்திருக்க அம்மாவிடம் அவ்வளவு எலுமிச்சம்பழம் இல்லை.