சர்வர் மெமரி "போய்விட்டது" என்று 38,400 ரூபாய் வாங்கிய கடை

எழுதும்போதே கை நடுங்குகிறது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஏமாந்தது முழுமையாகப் புரிந்து மூன்று மணி நேரம்தான் ஆகிறது. 38,400 ரூபாய். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. கோவையில் பழைய சர்வர்களை விற்று, பழுதும் பார்க்கும் கடை, அவ்வளவுதான்.

திருப்பூரில் சிறிய பனியன் கம்பெனி நடத்துகிறேன். பீஸ் ரேட் கூலி, சலான், பில் எல்லாம் ஒரு பழைய லினக்ஸ் சர்வரில் இருக்கின்றன. போன மாதம் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலைப் புதுப்பித்த மறுநாளிலிருந்து, சர்வர் தன் நிகழ்வுகளை எழுதிவைக்கும் லாக்கில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரே வரி: "ஈடாக் எம்சி0, 1 சிஇ, மெமரி ரீட் எரர்". ஈடாக் என்பது மெமரிப் பிழைகளைக் கவனித்து எழுதும் கெர்னல் டிரைவர், ஒரு மென்பொருள். சிஇ என்றால் திருத்தப்பட்ட பிழை. பிழையைத் திருத்திக்கொள்ளும் ஈசிசி மெமரியில் 64 பிட் தரவுக்கு 8 பிட் காவல் உண்டு. ஒரு பிட் புரண்டால் தானே சரிசெய்துகொள்ளும், இரண்டு புரண்டால்தான் யுஇ, அதாவது திருத்த முடியாத பிழை, என்று எழுதும். அன்று இதெல்லாம் யாருக்குத் தெரியும்? போனஸ் கணக்கு உள்ளே இருந்தது, வயிற்றைக் கலக்கியது.

அந்தக் கடையைக் கூப்பிட்டேன். அங்கிருந்து வந்தவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். மணிக்கட்டில் எர்த் பட்டை கட்டினார். திரையில் அந்த வரியைத் தொட்டுக் காட்டி, "எட்டு மெமரியுமே போய்விட்டதுங்க அண்ணா. இன்றைக்கு ஒன்றை மாற்றினால் நாளைக்கு அடுத்தது போகும்" என்றார். காபி கொடுக்கும்போது ஊர் விசாரித்தேன். "நாங்களும் அவிநாசிப் பக்கம்தானுங்க." அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன். நூல் வாங்கினால் கவுண்ட் பார்த்து, கோன் எடை போட்டு வாங்குகிறவன், இங்கே ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஒன்று 4,800, எட்டுக்கு 38,400. நின்ற இடத்திலேயே போனில் அனுப்பினேன். பில்லுக்குப் பதில் ஒரு துண்டுச் சீட்டு. "பழையது குப்பைதானுங்க" என்று என்னுடைய எட்டையும் பைக்குள் போட்டுக்கொண்டு போனார்.

இரண்டே நாள். அதே வரி, மெமரி செருகும் அதே ஸ்லாட்.

போன் செய்தேன். "புது மெமரி செட் ஆக ஒரு வாரம் ஆகுங்க." மெமரி என்ன புது மாப்பிள்ளையா, பழகுவதற்கு? ஒரு வாரம் கழித்து, "போர்டு போயிருக்கும், 22,000 ஆகும்." அடுத்த முறை, "அவர் நோம்பிக்கு ஊருக்குப் போயிருக்கிறார்." நேற்று நேரிலேயே போனேன். கல்லாவில் இருந்தவர் தலை நிமிராமல், "எலக்ட்ரானிக் பொருளுக்கு உத்தரவாதம் இல்லைங்க" என்றார். 38,400 ரூபாய்க்கு அதுதான் பதில்.

இன்று மாலை அக்கா மகனை உட்காரவைத்து நாங்களே பார்த்தோம். மெமரிகளை ஸ்லாட் மாற்றிப் போட்டோம். பிழை மெமரியோடு நகரவில்லை, பழைய இடத்தின் பெயரையே சொன்னது. போர்டு தனியாக வைத்திருக்கும் நிகழ்வுப் பதிவை ஐபிஎம்ஐடூல் என்ற மென்பொருளில் எடுத்தால் மெமரி பற்றி ஒரு வரியும் இல்லை. பழைய கெர்னலில் ஏற்றினால் எண்ணிக்கை பூஜ்யத்திலேயே நின்றது. போர்டிலேயே இருக்கும் பயாஸ் மென்பொருள் கவனித்துக்கொள்ளும் பதிவகங்களை (பிழைக் கணக்கு பதியும் சிறு இடங்கள்) ஈடாக் டிரைவரும் போய்ப் படித்தால் இப்படிக் குழப்பம் வருவது உண்டாம். டிரைவரைத் தடுப்புப் பட்டியலில் சேர்த்தோம், லாக் அடங்கிவிட்டது. ஒரு பைசா செலவில்லை.

வயிற்றெரிச்சல் இன்னொன்று. பாகங்களின் விவரம் காட்டும் டிஎம்ஐடிகோடில் பார்த்தால், அவர் போட்டவை 1333 வேகம், மூன்று கம்பெனிச் சரக்கு, ஒன்றின் ஸ்டிக்கரைச் சுரண்டியிருக்கிறார்கள். எடுத்துக்கொண்டு போனவை எட்டும் ஒரே கம்பெனி, 1600.

உங்களுக்கு அவசரமாகச் சில. லாக்கில் ஒரு வரியைக் காட்டினால் பணம் எடுக்காதீர்கள், போர்டின் பதிவையும் கேளுங்கள். ஒரே ஒரு மெமரியை இடம் மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மெமரியைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் சுத்தம் என்று வந்தாலும் அது மட்டும் போதாது, ஈசிசி திருத்திய பிழை அதன் கண்ணில் படாமல் போகலாம். யுஇ என்று வந்தால் மட்டும் உடனே பேக்கப் எடுங்கள். கழற்றிய பொருளைக் கொடுத்துவிடாதீர்கள், வரிசை எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி பில் வாங்குங்கள். என்னிடம் இருப்பது துண்டுச் சீட்டு, அதில் 38,400 என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. அதை எடுத்துக்கொண்டு காலை முதல் பஸ்ஸில் கோவைக்குப் போகிறேன்.