மன்னார்குடி பக்கத்துத் திண்ணைக் கடையில் வாங்கிய பாரம்பரிய அரிசி எப்படி இருக்கிறது?

பாரம்பரிய அரிசி என்று அச்சடித்து அழகான பையில் போட்டு விற்பவர்கள் இப்போது எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அந்த நெல் எந்த மண்ணில், எந்த வாய்க்கால் தண்ணீரில் விளைந்தது என்று கேட்டால் முக்கால்வாசிப் பேருக்குப் பதில் தெரியாது. மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே போனால் வரும் ஒரு கிராமத்தில், வீட்டுத் திண்ணையிலேயே கடை வைத்திருக்கும் அம்மாவிடம் இதையே கேளுங்கள், கையை நீட்டி எதிரே இருக்கும் வயலைக் காட்டுவார். நான் அங்கே அரிசி வாங்குவதற்கு முதல் காரணம் இதுதான்.

கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. திண்ணையில் சாக்கு மூட்டைகள், ஒரு தராசு, பக்கத்தில் நெல் அளக்கும் பழைய மரக்கால் ஒன்று. உத்திரத்தில் ரகத்துக்கு ஒரு பிடி கதிரைத் தாளோடு கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். அதில் காட்டுயானம் என்ற நெல் மட்டும் தனியாகத் தெரிகிறது, கதிர் மேலே கிடக்க அதன் தாள் தரையைத் தொடுகிறது. நான் பார்த்துக்கொண்டே நின்றதைக் கவனித்துவிட்டு, "நிமுத்தி நிறுத்திப் பாருங்க தம்பி, உங்களவிட உசரம்" என்றார். நிறுத்திப் பார்த்தேன், உண்மைதான்.

அந்த உயரத்துக்குக் காரணம் இந்த ஊர்தான். மேட்டூரில் தண்ணீர் இருக்கும் வருஷம் ஜூன் 12 அன்று திறப்பார்கள், அது கல்லணைக்கு வந்து வெண்ணாற்றில் திரும்பி, நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிந்து, அப்புறம் நூறு வாய்க்காலாகக் கிளைத்துத்தான் இந்தக் கடைமடைக்கு வந்து சேரும். ஆக, தண்ணீர் கடைசியில் வரும் ஊர், ஆனால் ஐப்பசி கார்த்திகை அடைமழையில் அதே தண்ணீர் வடிய வழியில்லாமல் தேங்கி நிற்கும் ஊரும் இதுதான். குட்டை ரகமாக இருந்தால் மூழ்கி அழுகிவிடும். ஆறு மாசப் பயிரான காட்டுயானம் தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கும், வைக்கோலும் மாட்டுக்கு நிறையக் கிடைக்கும். பள்ளத்துக்கு ஒன்று, மேட்டுக்கு ஒன்று, சீக்கிரம் அறுக்க ஒன்று என்று நிலம் பார்த்து நெல் வைத்திருந்த சனங்கள் இவர்கள். ஆடுதுறையில் 1922-ல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் கொடுத்த ரகங்களால்தான் பின்னால் வந்த தலைமுறை வயிறார சாப்பிட்டது, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன், ஆனால் பழைய விதைகள் அதற்காகக் காணாமல் போயிருக்க வேண்டியதில்லை.

சரி, அரிசிக்கு வருகிறேன்.

மாப்பிள்ளைச் சம்பா நல்ல சிவப்பு. ராத்திரியே ஊறப்போட வேண்டும், ஊறவைக்காமல் குக்கரில் போட்டால் எத்தனை விசில் விட்டாலும் நடுவில் கடுக்கென்று இருக்கும். நன்றாக வெந்தால் மென்று சாப்பிடச் சாப்பிட லேசான இனிப்பு தெரியும், சுண்டைக்காய் வத்தக்குழம்புக்கு இதைவிடப் பொருத்தமான சோறு எனக்குத் தெரியவில்லை. ஆனால் இதன் உண்மையான ருசி மறுநாள் காலையில்தான். மிச்சச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் நீராகாரம் இளஞ்சிவப்பாக இறங்கியிருக்கும், உப்பும் மோரும் சேர்த்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்தால் மதியம் வரை பசி எடுக்காது.

சிவப்பரிசி பிடிக்காத பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குத் தூயமல்லி வாங்குங்கள். வெள்ளையாக, சன்னமாக, உதிரியாக வரும், ரசம் சாதத்துக்கு அருமை. அங்கே விற்கும் அவல் மட்டும் சுமார்தான், கொஞ்சம் தடிப்பாக இருக்கிறது, அரை மணி நேரமாவது ஊற வேண்டும்.

அரிசி வாங்கப் போனவர்கள் உளுந்தை விட்டுவிட்டு வராதீர்கள். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போதே, நிற்கும் பயிருக்குள் ஈரச் சேற்றில் உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவார்கள். அறுவடை முடிந்த பிறகு அடித்தாளுக்கு நடுவே, மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தையும் பனியையும் வைத்தே அது வளர்ந்துவிடும், உழவு கிடையாது, தனியாகத் தண்ணீர் பாய்ச்சுவதும் கிடையாது. அந்தத் தோல் உளுந்தை அரைத்த மாவு பொங்கி வருவதைப் பார்த்தால் கடை உளுந்துக்குத் திரும்ப மனசு வராது.

விதை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் வாங்கியதாம். ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் 174 பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டு வைத்துவிட்டு 2018-ல் போய்ச் சேர்ந்தார். இருந்தவரை அந்தத் திருவிழாவில் 2 கிலோ விதை கொடுப்பார், மறுவருஷம் 4 கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. இந்த அம்மா வீட்டிலும் அதே கணக்கு நடக்கிறது, அக்கம்பக்கத்தில் யார் கேட்டாலும் அதே முறையில் விதை கொடுக்கிறார். கேட்கவே அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

குறைகளும் உண்டு. விலை சாதாரணப் பொன்னியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மருந்து போடாததால் மாசக் கணக்கில் வைத்தால் வண்டு வரும், வசம்பு போட்டு வைக்கச் சொல்கிறார், இருந்தாலும் இரண்டு மாசத்துக்கு மேல் சேர்த்து வாங்காதீர்கள். ஒரு தடவை அரிசியில் குறுங்கல் இருந்தது, முறத்தில் புடைத்துவிட்டுத்தான் உலையில் போட வேண்டியிருந்தது. அதைச் சொன்னதும் அடுத்த தடவை என் கண் முன்னாலேயே புடைத்துக் கொடுத்தார். பார்சல் அனுப்பும் பழக்கம் இல்லை, நேரில்தான் போக வேண்டும்.

போகிறவர்கள் மாசி, பங்குனியில் போங்கள், புது நெல் அரைத்து வந்திருக்கும். சீரகச் சம்பா கொஞ்சமாகத்தான் போடுகிறார்கள், பிரியாணிக்கு வேண்டுமென்றால் தையிலேயே சொல்லி வைத்துவிடுங்கள். துணிப்பை கொண்டு போனால் நல்லது, அங்கே பிளாஸ்டிக் பை தரமாட்டார்கள்.