கோவை டு சிட்னி 11 மணி நேரம்னு சொல்லி 86,500 ரூபாயை முழுங்கிட்டாங்க

நாலாவது தடவையா அந்த ஆபீஸ் வாசல்ல நின்னுட்டு வந்த கையோட எழுதுறேன். கோத்தகிரி பக்கம் ஒரு டிக்கெட் புக்கிங் ஆபீஸ். பேர் வேண்டாம். போனது 86,500 ரூபாய், பச்சைத் தேயிலை போட்டுச் சேர்த்த காசு.

சிட்னியில இருக்கிற தங்கச்சிக்கு ஜனவரியில பிரசவம். துணைக்கு அம்மா போகணும். அம்மாவுக்கு 71 வயசு, கால்ல ஒருதடவை ரத்தம் உறைஞ்சிருக்கு. ரொம்ப நேரம் உக்காரக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். அதைத்தான் முதல்ல சொன்னேன்.

அந்தப் பையன் போன்ல ரெண்டு ஏர்போர்ட் பேரையும் அடிச்சான். வரைபடத்துல ஒரு கோடு வந்துச்சு. சுண்டுவிரல் நகத்தால கோயம்புத்தூர்ல இருந்து சிட்னி வரைக்கும் இழுத்துக் காட்டினான். "9,270 கிலோமீட்டர், 11 மணி நேரங்கூட ஆகாதுங்கண்ணா. அம்மாவை எங்கம்மா மாதிரி அனுப்பி வைக்கிறேன்." டீ வேற வந்துச்சு. டீ ஆறுறதுக்குள்ள ஜிபே பண்ணிட்டேன், 86,500.

ரெண்டு நாள் கழிச்சு பிடிஎஃப் வருது. கோவைல இருந்து டெல்லி! தெற்கே போக வேண்டியவங்க வடக்கே 1,950 கிலோமீட்டர். அங்க ஒன்பது மணி நேரம் காத்திருக்கணும். அப்புறம் டெல்லில இருந்து சிட்னிக்கு 10,400 கிலோமீட்டர், பன்னிரண்டு மணி நேரம். மொத்தம் ஒரு நாள் முழுசா!

கோவைல இருந்து சிட்னிக்கு நேரடி விமானமே கிடையாது. அவன் காட்டினது காக்கா பறக்குற தூரம், அதை விமான வேகத்தால வகுத்த கணக்கு. இதுல எனக்கே என்மேல கோபம். மேட்டுப்பாளையம் இங்கிருந்து நேர்கோட்டுல 16 கிலோமீட்டர்தான், ரோட்டுல 33. தினம் அந்த வளைவுல இறங்குறவன் நான், ஒரு கோட்டைப் பாத்து ஏமாந்தேன்.

கேட்டா, ஆபீஸ்ல "ஏர்லைன்ஸ்கிட்டதாங்க கேக்கணும்". ஏர்லைன்ஸ்ல "ஏஜென்ட் மூலமா எடுத்ததுங்க, அவரைக் கேளுங்க". அடுத்த வாரம் "மெயில் போட்டிருக்கோம்". அப்புறம் "ஓனர் சபரிமலைக்குப் போயிருக்கார்". இன்னிக்கு அந்தப் பையன் தலையைக்கூட நிமிர்த்தலை, "அது ரீஃபண்ட் இல்லாத டிக்கெட்ணா". டிக்கெட் எடுக்கும்போது இதை யாரு சொன்னா? இதுல, "ரிட்டர்ன்ல பாருங்க, சிட்னில காலை 10க்கு ஏறினா சாயங்காலம் அஞ்சரைக்கு டெல்லி, ஏழரை மணி நேரந்தான்"னு சமாதானம் வேற. அங்க இப்ப நம்மைவிட அஞ்சரை மணி நேரம் முன்னாடி. உண்மையில அது 13 மணி நேரம். இது தெரியாமலா டிக்கெட் போடுறாங்க?

எப்படித் தப்பிக்கறதுன்னு விவரமா எழுதலாம்னுதான் உக்காந்தேன், பொறுமை இல்லை. எந்த ஊர்ல மாறணும், எவ்வளவு நேரம் காத்திருக்கணும்னு தாள்ல பாக்காம காசு குடுக்காதீங்க. டிக்கெட்ல போட்டிருக்கிறது அந்தந்த ஊர் நேரம், கழிச்சுப் பாத்து ஏமாறாதீங்க. ரீஃபண்ட் இல்லாத டிக்கெட்டா இருந்தாலும் வரியும் ஏர்போர்ட் கட்டணமும் திரும்பி வரணும், விடாம கேளுங்க. நுகர்வோர் உதவி எண் 1915, நான் இப்பத்தான் புகார் குடுத்தேன்.

தங்கச்சிக்குன்னு வாங்கின வர்க்கி பாக்கெட்டை அம்மா இன்னிக்குப் பிரிச்சு எங்களுக்கே டீயோட வெச்சுட்டாங்க. திங்கட்கிழமை ஓனர் வர்றாராம், மறுபடியும் போறேன். 86,500 ரூபாய்ங்க.