மாத்திரையும் கடிகாரமும்: பதற்றக்காரன் ஒருவனின் ஐந்து ஆண்டு அனுபவம்

குலசேகரம் பக்கத்தில் ஒரு ஏக்கர் ரப்பர், மதியத்துக்கு மேல் ஒரு ரப்பர் ஷீட் வியாபாரியிடம் கணக்கு எழுதும் வேலை, 2019 கடைசியில் 34 வயதில் கல்யாணம்: என்னைப் பற்றி இவ்வளவு போதும். கல்யாணமான முதல் மாதத்தில் ஒருநாள் இடையிலேயே விறைப்பு தளர்ந்துவிட்டது. வேறொருவருக்கு அது அன்றோடு போயிருக்கும். ஏழு மணி பஸ்ஸுக்கு ஆறு மணிக்கே போய் நிற்கும் சுபாவம் எனக்கு. ஆகவே மறுநாளிலிருந்து, இன்றும் அப்படி ஆகிவிடுமோ என்று என் உடம்பை நானே பக்கத்தில் நின்று கண்காணிக்கத் தொடங்கினேன். கண்காணிக்கத் தொடங்கியபின் ஒவ்வொரு நாளும் அப்படியே ஆயிற்று.

ஊர் மருந்துக்கடையில் கேட்க நா எழாததால் நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறி, வடசேரியில் இறங்கி, முகம் தெரியாத ஒரு கடையில் விறைப்புக்கான மாத்திரையான சில்டெனாஃபில் 100 மி.கி. வாங்கினேன். மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத மருந்து என்பது கடைக்காரருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்; இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அன்றிரவு பரோட்டாவும் கோழி வறுவலும் வயிறு முட்டத் தின்றுவிட்டு மாத்திரையைப் போட்டேன். ஒரு மணி நேரமாகியும் ஒன்றும் நடக்கவில்லை. மனைவி தூங்கியபின், முகம் தீயாய்ச் சுட்டு, மூக்கடைத்து, நெஞ்சு படபடத்து, விளக்கைச் சுற்றி ஒரு நீல மினுக்கம் தெரிந்தபோது, சாகப்போகிறேன் என்றே நினைத்தேன். கொழுப்பு மிகுந்த சாப்பாட்டுக்குப் பின் சில்டெனாஃபில் வேலை தொடங்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாமதமாகலாம் என்பதும், முகச்சூடு ரத்தக்குழாய்கள் விரிவதால் வருவது என்பதும், விழித்திரையில் உள்ள ஒரு நொதியையும் மருந்து சற்றுத் தடுப்பதால்தான் அந்த நீலம் என்பதும் பிறகு தெரிந்தவை. பதற்றம் உள்ளவர்கள் இதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது; ஏனென்றால் இந்தப் பக்கவிளைவுகள் பதற்றத்தின் அறிகுறிகளைப் போலவே இருக்கும், நாமோ அதைப் பார்த்து இன்னும் பதறுவோம்.

அதன்பிறகுதான் மருத்துவரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை ஏதும் எடுப்பதுண்டா என்பது. அப்பா வைப்பார் என்றேன். அப்பாவைக் கேட்கவில்லை என்று சிரித்துவிட்டு, அந்த நைட்ரேட் வகை மருந்துகளோடு இது சேர்ந்தால் ரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும் என்று சொன்னார். ஆணுறுப்பின் ரத்தக்குழாய் இதயத்தினுடையதைவிட மெல்லியது என்பதால் அடைப்பு முதலில் அங்கே தெரியவரலாம் என்று விளக்கி, சர்க்கரை, கொழுப்பு, காலை நேர டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஆகியவற்றைச் சோதிக்கச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தன. விடியற்காலையில் விறைப்பு இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. நான்கு மணிக்குத் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டப் போகிறவனுக்கு அதையெல்லாம் கவனிக்க ஏது நேரம்? கவனித்துப் பார்த்தேன், இருந்தது. கோளாறு உறுப்பில் இல்லை, பயத்தில்தான் என்பது அப்போது பெரும்பாலும் உறுதியாயிற்று.

ஆசை எழும்போது நரம்பு முனைகளிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு வெளிப்பட்டு ரத்தக்குழாய்த் தசைகளைத் தளர்த்துகிறது. அந்தத் தளர்ச்சியை முடித்துவைக்கும் நொதியைத்தான் மாத்திரை தடுக்கிறது. பயந்தவனின் உடம்பில் சுரக்கும் நார்அட்ரினலினோ அதே தசைகளை இறுக்குகிறது. எங்கள் தொழிலில் சொன்னால், சிரட்டையில் விழுந்த பால் உறைந்துவிடாமல் அமோனியா ஊற்றுகிறோமே, மாத்திரையின் வேலை அது போன்றது. வெட்டே விழாத மரத்தில் அமோனியா என்ன செய்யும்?

மருத்துவர் 50 மி.கி.யாகக் குறைத்து, சாப்பாட்டுக்கு முன் போடச் சொன்னார். அது வேலை செய்தது. அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஏறக்குறைய ஓராண்டு அதைப் பயன்படுத்தியதில் ஒரு புதுத் தொல்லை சேர்ந்தது. எட்டரைக்குப் போட்டால் ஒன்பதரைக்கு அறைக்குள் இருக்க வேண்டும், அதற்குள் அம்மா கூப்பிட்டாலோ மனைவிக்குத் தலைவலி வந்தாலோ மாத்திரை வீணாகிவிடும் என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. பயம் உறுப்பிலிருந்து கடிகாரத்துக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். "எதுக்கு இப்படி மணிய மணிய பாக்கிய?" என்று ஒருநாள் மனைவி கேட்டபோது, அதுவரை மறைத்து வைத்திருந்ததை எல்லாம் சொல்லிவிட்டேன். தன்னைப் பிடிக்கவில்லையோ என்று அவள் ஓராண்டாக நினைத்துக்கொண்டிருந்ததை அன்றுதான் அறிந்தேன்.

2021இல் தினமும் ஒன்று என, அதே வகை மருந்தான தடாலாஃபில் 5 மி.கி.க்கு மாற்றினார்கள். இதன் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம், 17.5 மணி நேரம். தினமும் எடுத்தால் ஐந்து நாட்களில் ரத்தத்தில் ஒரே சீரான அளவில் நிற்கிறது. சாப்பாடு இதைப் பாதிப்பதில்லை. ரத்த அழுத்த மாத்திரை போல இரவில் விழுங்கிவிட்டு மறந்துவிடலாம். என்னைப் போன்றவர்களுக்கு இந்த மருந்தின் பெரிய குணம் அந்த மறதிதான். முதல் சில வாரங்கள் இடுப்பு வலித்தது. குனிந்து பால் வெட்டுவதால் என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். மருந்தின் பக்கவிளைவு என்று மருத்துவர்தான் சொன்னார்.

பதற்றத்துக்குத் தனியாக எஸ்சிடாலோபிராம் 10 மி.கி.யும் எட்டு மாதம் எடுத்தேன். மனம் அடங்கியது, ஆனால் ஆசையும் மங்கி, விந்து வெளிப்பாடும் மிகவும் தாமதமாயிற்று. அந்த வகை மருந்துகளுக்கு அது வழக்கம். அது தெரியாமல் தடாலாஃபிலைக் குறை கூறிக்கொண்டிருந்தேன். மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். சில வாரங்களுக்கு உறவு கூடாது, தொட்டுக்கொண்டு படுத்தால் மட்டும் போதும் என்று மனநல ஆலோசகர் சொன்ன பயிற்சி முதலில் கேலிக்குரியதாகத் தோன்றியது. தேர்வே இல்லாத இடத்தில் தோற்க முடியாது என்பதை உடம்பு அந்த வாரங்களில்தான் கற்றுக்கொண்டது.

வளைகுடாவிலிருந்து வந்த ஒரு நண்பன் இதற்கிடையில் ஒரு லேகிய டப்பாவைத் தந்து, பக்கவிளைவே இல்லை என்றான். முழு மூலிகை என்று விற்கப்படும் இத்தகைய சரக்குகள் சிலவற்றில் சில்டெனாஃபிலையே சொல்லாமல் கலந்திருப்பது சோதனைகளில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. நைட்ரேட் எடுக்கும் அப்பா இருக்கும் வீட்டில் அந்த டப்பாவை வைத்திருக்க மனம் ஒப்பவில்லை.

2023இல் தினசரி மாத்திரையை மருத்துவர் சொல்லி நிறுத்தினேன். முற்றிலும் விடுபட்டுவிட்டேன் என்று எழுத ஆசைதான், ஆனால் உண்மை அதுவல்ல. இடவப்பாதி என்று நாங்கள் சொல்லும் தென்மேற்குப் பருவமழை பிடித்து வெட்டு நின்று, கையில் காசு ஓட்டம் குறையும் வாரங்களில் பழைய கண்காணிப்பு திரும்ப வருகிறது. அப்போது மட்டும் சில வாரங்கள் தடாலாஃபில் எடுத்துக்கொள்ள மருத்துவர் சீட்டு எழுதித் தந்திருக்கிறார். சென்ற மழைக்கு அதை வடசேரிக்குக் கொண்டுபோகவில்லை, ஊர்க்கடையிலேயே நீட்டினேன். கடைக்காரர் தேதியைப் பார்த்து, அட்டையை எண்ணிக் கொடுத்து, சில்லறை இல்லையா என்று மட்டும் கேட்டார்.